மணந்தார்க்கு ஏழு, தனித்தார்க்குப் பத்து

“உன் மனைவி எங்கே இருக்கிறாள்?”

இலங்கையின் மலையகத்தில், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், குடியுரிமை கேட்டு நின்ற தோட்டத் தொழிலாளி விடை சொல்லியாக வேண்டிய கேள்விகளுள் இதுவும் ஒன்று. எத்தனை ஆண்டு மலையில் மாடாய் உழைத்தாய், எத்தனை காட்டை அழித்துத் தேயிலை வளர்த்தாய் என்று கேட்டிருந்தால் அவன் நெஞ்சு நிமிர்ந்து விடை சொல்லியிருப்பான். கேட்டது அதுவல்ல. மனைவி எங்கே? மணம் முடிந்து ஓராண்டு நிறைவதற்குள் அவள் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தாளா? வந்தவள் இடையில் ஊருக்குப் போனாளா? போனவள் பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பினாளா?

“திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில், என் தாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள், ஐயா” என்று அவன் உண்மையைச் சொல்வானேயானால், அந்த உண்மையே அவனுடைய விண்ணப்பத்துக்கு எமனாகும்.

அயல்நாட்டுத் துணைவரும் துணைவியும் குடியுரிமை பெற எத்தனை ஆண்டு உள்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது, சட்டப் புத்தகத்தின் மூலையில் கிடக்கும் சிறு விதி. வழக்கறிஞர் பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி, நமக்கென்ன என்று பலர் ஒதுக்கிவிடுவர். கரிசல் சீமையில் பிறந்த நாம் அப்படி ஒதுக்க இயலாது, தோழர்களே! கடலுக்கு அந்தப் புறம் ஒரு கணக்கும் இந்தப் புறம் ஒரு கணக்குமாக, நம் சீமைப் பெண்களின் வாழ்நாளை இந்தச் சிறு விதி அளந்திருக்கிறது, இன்றும் அளந்துகொண்டிருக்கிறது.

அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சுற்றிக் கிடக்கும் நிலம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் கம்பும் கேழ்வரகும் பருத்தியும் விளையும். பெய்யாவிட்டால் வட்டிக்கடைக்காரன் வீட்டில் விளையும். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. அதற்கு முன்னும் பின்னும் சிறு பஞ்சங்கள் வந்தவண்ணம் இருந்தன. அந்த நேரம் பார்த்து வந்தவன் கங்காணி. “அக்கரையில் தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் விளையும்” என்று ஆசை காட்டினான். முன்பணம் கொடுத்தான், அந்தப் பணம் கடனாயிற்று, கடன், ‘துண்டு’ என்று பெயர் பெற்ற தாளாயிற்று, தாள் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மனிதனை மாற்றித் தரும் கயிறாயிற்று. தொடக்க காலத்தில் மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தவர் ஆயிரமாயிரம். 1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகு, தனுஷ்கோடி வரை தொடர்வண்டி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று பயணம் எளிதாயிற்று. நம் மண்ணிலேயே, மண்டபத்தில், இலங்கை அரசு ஒரு முகாம் அமைத்து, அக்கரை செல்லும் தொழிலாளரை நிறுத்திவைத்து நோய்ச் சோதனை செய்து அனுப்பியது.

பெண்கள் பின்னால் போனவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கோப்பித் தோட்டக் காலத்தில் ஆண்கள் பருவத்துக்குப் போய்ப் பருவத்துக்குத் திரும்பினார்கள். கோப்பிச் செடியை நோய் தின்று தேயிலை வந்தபோது ஆண்டு முழுவதும் வேலை, ஆண்டு முழுவதும் கொழுந்து. கொழுந்து கிள்ளப் பெண்ணின் விரல் வேண்டும் என்று துரைமார் கருதினர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, முதுகில் கூடை சுமந்து, அட்டைக்கடியும் பனியும் தாங்கி, மாலையில் நிறுவைக்கு நின்று, பத்தடி லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டியவள் அவள். அவளுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. இலங்கைப் பொருளாதாரம் நெடுங்காலம் அந்தக் கூடையில்தான் நின்றது.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு அடுப்புகள். ஒன்று லயத்தில், மற்றொன்று ஊரில். ஊரில் கிழட்டுத் தாய் தந்தையர் உண்டு. அடகு வைத்த ஒரு குறுக்கம் புஞ்சை உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு உண்டு. தங்கைக்குத் திருமணம் உண்டு. இவற்றுக்கெல்லாம் யார் போவது? ஆண் போனால் ‘பேர்’ போய்விடும், கடன் ஏறும், கங்காணி சீறுவான். ஆகவே போனவள் அவள். பிள்ளை பெற்று, ஓராண்டு, ஈராண்டு மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றி, மீண்டும் கப்பலேறியவள் அவள். அதுமட்டுமன்று: 1939-ல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலித் தொழிலாளர் செல்வதற்குத் தடை விதித்தது. இலங்கையில் தினக்கூலி இந்தியர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியதற்கு எதிர்ப்பாக எழுந்த தடை அது. எண்ணம் நேர்மையானதாகவே இருக்கலாம். ஊருக்கு வந்தவள் மீண்டும் கப்பலேறுவது அதனால் எளிதாகவில்லை என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

1931-ல் டொனமூர் அரசியல் திட்டப்படி இலங்கையில் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவிலேயே முந்திய பெருமை அது. ஆனால் இந்தியத் தொழிலாளிக்கு அதில் ஒரு வேலி. அவன் இலங்கையைத் தன் நிலையான வாழ்விடமாகக் கொண்டவன் என்று காட்ட வேண்டும். இல்லையேல் ஐந்தாண்டு வாழ்ந்ததற்கான நிலைக்குடியிருப்புச் சான்று பெற வேண்டும். அப்படியும் பலர் வாக்காளராயினர். 1947 பொதுத் தேர்தலில் 95 இடங்களில் 7 இடங்களை இலங்கை இந்தியக் காங்கிரசு வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளியின் வாக்கு இடதுசாரிகளைத் தூக்கிவிட்டது. ஆளவந்தோர் விழித்துக்கொண்டனர். 4 பிப்ரவரி 1948-ல் விடுதலை. அதே ஆண்டு நவம்பரில் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தை வழியில் தலைமுறை காட்டுவோரே குடிமக்கள் என்றது அது. தந்தை பிறந்ததற்குப் பதிவுத் தாள் வைத்திருந்த தோட்டத் தொழிலாளி எத்தனை பேர்? ஒரு கையெழுத்தில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றோர் ஆயினர். விடுதலை பெற்று ஓராண்டு முடியுமுன் நடந்த திருப்பணி இது!

வெட்கத்தை மறைக்கக் கதவொன்று திறந்தார்கள். அதன் பெயர் 1949-ஆம் ஆண்டு இந்திய, பாக்கித்தான் வாழ்நர் குடியுரிமைச் சட்டம். அதன் கணக்கைக் கேளுங்கள். 1946 சனவரி முதல் நாளுக்கு முன்னதாக, இடையறாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். எத்தனை ஆண்டு? அன்றைய நாளில் மணத்துணை உள்ளவர்க்கு ஏழாண்டு. மணமாகாதவர்க்கும், துணையை இழந்தவர்க்கும், மணமுறிவு பெற்றவர்க்கும் பத்தாண்டு. அதன் பிறகு விண்ணப்ப நாள் வரையிலும் இடையறாது வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே முறை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் இடையறவு. எண்ணிய ஆண்டுகள் எல்லாம் சுழி.

மணந்தார்க்கு ஏழு, தனித்தார்க்குப் பத்து! மணமானவன் வேரூன்றியவன், தனியாள் ஓடிவிடக் கூடியவன் என்பது சட்டம் எழுதியவர்களின் கருத்தாக இருந்திருக்கலாம். ஆணுக்கு இது ஒரு கணக்கு. பெண்ணுக்கு? கொழுந்து கிள்ளும் கைம்பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கணவன் உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கு ஏழாண்டு போதும். அவன் மலைச்சரிவில் வீழ்ந்து மாண்டானென்றால் அவளுக்குப் பத்தாண்டு வேண்டும். மாண்ட கணவனின் தகுதியைக் காட்டிக் கேட்கும் தனி வழி ஒன்று அவளுக்கு உண்டுதான். தன் உழைப்பில், தன் தகுதியில் நின்று கேட்பேன் என்றால் மூன்றாண்டு கூடுதல். தாலி அறுத்தவளுக்கு மங்கல வீட்டில் இடமில்லை என்று சொன்ன நம் வைதீகர்களுக்கும், கொழும்பில் அமர்ந்து ஆங்கிலத்தில் சட்டம் எழுதியவர்களுக்கும் எவ்வளவு நெருங்கிய உறவு!

இதற்கும் மேலே ஒரு கொக்கி. 1952-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அமைந்த வாசகப்படி, விண்ணப்பிக்கும் ஆணின் மனைவி, மணநாளிலிருந்து ஓராண்டு நிறைவதற்குள் இலங்கையில் குடியேறி, விண்ணப்ப நாள் வரை இடையறாது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். சார்ந்து வாழும் சிறு பிள்ளைகளும், பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் வந்து அப்படியே இருந்திருக்க வேண்டும். இல்லையேல் கணவனுக்கே குடியுரிமை இல்லை. அவன் இருபது ஆண்டு அசையாமல் மலையில் நின்றிருந்தாலும், அவள் ஊரில் தங்கிய பதினான்கு மாதம் அவனுடைய இருபது ஆண்டை விழுங்கிவிடும். கிழவிக்குக் கஞ்சி ஊற்றியது குற்றம். தாய்வீட்டில் பிள்ளை பெற்றது குற்றம். இந்தக் குற்றங்களுக்குத் தண்டனை நாடின்மை.

இதே காலத்தில் இலங்கைச் சட்டப் புத்தகத்தில் வேறொரு விதியும் இருந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, இலங்கைக் குடிமகனை மணந்த அயல்நாட்டார் பதிவு கேட்க, விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டு அங்கே வாழ்ந்திருந்தால் போதும். இலண்டனில் படிக்கப் போன கொழும்புச் சீமான் அங்கே ஒரு மங்கையை மணந்து அழைத்து வந்தால், அவள் ஓராண்டில் மனுக் கொடுக்கலாம். அட்டன் மலையில் இருபது ஆண்டு கொழுந்து கிள்ளியவள், ஏழாண்டுக்குத் தாள் தேட வேண்டும். அந்த மங்கைக்கு ஓராண்டு மிகையென்று நாம் சொல்லவில்லை, வாழட்டும். ஓராண்டில் ஒருத்தியை நம்பக் கற்ற சட்டம், மற்றொருத்தியை ஏன் இருபது ஆண்டிலும் நம்பவில்லை என்பதே நம் கேள்வி.

இலங்கையில் தங்கியிருந்தாள் என்பதற்காக ஒரு மனைவியைத் தீயில் இறங்கச் சொன்ன கதையைப் புண்ணிய கதையென்று போற்றும் நாடு நம் நாடு. அந்தக் கதையில், இலங்கையில் இருந்தது குற்றம். இந்தச் சட்டத்தில், இலங்கையில் இல்லாதது குற்றம். அங்கே நெருப்பு, இங்கே விண்ணப்பத் தாள். சோதிக்கப்பட்டவள் இரண்டிலும் மனைவிதான்; கணவன் எங்கே எத்தனை நாள் இருந்தான் என்று சீதை கேட்டதாக எந்த இராமாயணத்திலும் நாம் படித்ததில்லை.

சரி, எந்த நாளில் மணம் நடந்தது என்று காட்டுவது எப்படி? மணநாள் தெரிந்தால்தானே அந்த ஓராண்டைக் கணக்கிடலாம்? தோட்டத்து மணங்கள் வழக்கப்படி, உறவினர் கூடி, கங்காணி முன்னிலையில் நடந்தவை. அரசுப் பதிவேட்டில் ஏறியவை சில. ‘செக்ரோல்’ என்னும் பேர்ப் புத்தகம் துரையின் அலுவலகத்தில் இருந்தது. அதில் நாள்தோறும் பேர் விழுந்தது. ஆனால் அது கூலிக் கணக்குக்காக எழுதியது. தோட்டம் கைமாறினால், புத்தகம் கறையானுக்கு இரையானால், வாழ்ந்த வாழ்வும் இல்லையென்றாகும்.

மணத்துக்குச் சான்று என்ற பேச்சு எழுந்ததால் நம் ஊர்ச் செய்தி ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. புரோகிதர் இன்றி, தந்தை பெரியார் தலைமையில் நடந்த முதல் சுயமரியாதைத் திருமணம் 28 மே 1928 அன்று, அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்தது. ஆணும் பெண்ணும் ஒப்புக்கொண்டோம் என்று சொன்னால் போதும், நடுவே நெருப்புக்கும் வடமொழிக்கும் என்ன வேலை என்று இந்தக் கரிசல் மண் கேட்டது. அரசு என்ன சொன்னது? 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பேரறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ல் சட்டமன்றத்தில் நிறைவேறி 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான், முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சேர்த்து உயிர் கொடுத்தது. நாற்பது ஆண்டு! ஏன் இதை இங்கே சொல்கிறோம்? ஒரு சட்டமன்றம் மனம் வைத்தால், கடந்த நாளுக்கும் சேர்த்துக் கணக்கைத் திருத்த முடியும் என்பதற்கு நம் ஊர் வாசலிலேயே சான்று இருக்கிறது. பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

விண்ணப்பம் கொடுக்க இரண்டே ஆண்டு, 1951 ஆகஸ்ட் 5 வரை. இந்தச் சட்டத்தை ஏற்பதா என்று தயங்கி, இலங்கை இந்தியக் காங்கிரசு முதலில் புறக்கணித்தது. காலம் கரையும் வேளையில் புறக்கணிப்பைக் கைவிட்டது. கடைசி மாதங்களில் தாள் வெள்ளமாய் வந்தது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000. ஆறில் ஒருவர்! 1953-ல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போயிற்று. தன் மக்கள் யார் என்று வரையறுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்று அந்த வெள்ளை நீதியரசர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய காலைத் தேநீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பின்னர் 30 அக்டோபர் 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாடு. நாடற்றோர் 9,75,000 என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பதென்றும் எழுதினார்கள். பார்த்தது 1974-ல், பாதிப் பாதி, 75,000 இங்கே, 75,000 அங்கே. சந்தையில் ஆட்டுக் கிடையைப் பிரிப்பதிலும் தாயாடு, குட்டி என்று பார்ப்பார்கள். இங்கே ஒரே லயத்தில் ஒருவர்க்கு இந்தியத் தாள், மற்றவர்க்கு இலங்கைத் தாள் என்று ஆன குடும்பங்கள் உண்டு. அக்கரையிலேயே பிறந்து, நம் சீமையை ஒருமுறைகூடக் கண்டிராதவர்களும் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் பெற்றுக் கப்பலேறினார்கள். அந்த ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே விழுங்கிவிட்டதால், பின்னாளில் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்தது. 1984-ல் அதுவும் நின்றது. அக்கரையில் எஞ்சியோர்க்கு முழுத் தீர்வு வந்தது 2003-ல்தான். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றலும் குடிமக்கள் என்று இலங்கைப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. 55 ஆண்டு கழித்துத் தவற்றைத் திருத்தினார்கள். பாராட்டுவோம், பாராட்டிவிட்டு, நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

நம் வீட்டுக் கணக்கு அழகாகத்தான் தொடங்கியது என்பார்கள். 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டம், இந்தியக் குடிமகனை மணந்த பெண் பதிவின் மூலம் குடியுரிமை பெறலாம் என்றது. அந்தப் பிரிவில் ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லை. பெண்ணுக்கு எவ்வளவு தாராளம் என்று வியக்குமுன், ஆணுக்கு என்ன சொன்னது என்று பாருங்கள். இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு அந்தக் கதவு இல்லவே இல்லை. மற்ற அயலாரைப் போல நெடுநாள் வாழ்ந்துதான் கேட்க வேண்டும். பெண் கணவன் வீட்டுக்குப் போகிறவள், கணவனின் நாடே அவள் நாடு; ஆண் மனைவி வீட்டுக்கு வருவானா என்ன? இதுதான் உள்ளே ஒளிந்திருந்த கருத்து.

இந்தக் கருத்து மனுவின் பேரர்களுக்கு மட்டும் உரியதன்று. 1914-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம், பிரிட்டிஷ் குடியானவனை மணந்தவள் பிரிட்டிஷ் குடி, அயலானை மணந்தவள் அயலாள் என்று கணவனின் நிழலையே மனைவியின் நாடாக்கியது. 1907-ல் அமெரிக்கா, அயலானை மணந்த அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையைப் பறித்தது. அங்கே பெண்கள் வாக்குரிமை வென்ற பின், 1922-ல் கேபிள் சட்டம் அதைப் பெருமளவு மாற்றியது. வாக்கு வந்த பிறகே நாடு வந்தது என்பதைக் குறித்துக்கொள்க. 1957-ல் ஐக்கிய நாடுகள் அவை, மணத்தால் மட்டுமே ஒரு பெண்ணின் நாட்டுரிமை தானாக மாறக் கூடாது என்று உடன்படிக்கை வகுத்தது.

1986-ல் இந்தியச் சட்டம் ஆணையும் பெண்ணையும் ஒரே வரியில் வைத்தது: இந்தியரை மணந்த ‘எவரும்’ ஐந்தாண்டு இங்கே வாழ்ந்திருந்தால் கேட்கலாம். சமம் வந்தது, கூடவே ஆண்டும் வந்தது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஐந்து ஏழாயிற்று. மீண்டும் அதே ஏழு! விண்ணப்பத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதம் முழுவதும் இங்கே இருக்க வேண்டும். அதற்கு முந்திய எட்டாண்டில் ஆறாண்டேனும் இருந்திருக்க வேண்டும். கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் இடைவெளி நேர்ந்தால், சிறப்புக் காரணம் கண்டு முப்பது நாள் வரை பொறுக்கலாம் என்று 2015-ல் ஒரு தளர்வு தந்தார்கள். முப்பது நாள்! அயல்நாட்டில் பிறந்த மருமகள் தலைப்பிரசவத்துக்குத் தாயிடம் போனால் முப்பது நாளில் திரும்புவாளா? சட்டம் எழுதும் அறையில் பிள்ளை பெற்றவர் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆயினும், கடவுச்சீட்டும் நுழைவுச்சீட்டும் கையில் உள்ளவர்க்கு இந்த ஏழாண்டு கடக்கக் கூடிய தொலைவுதான். மணத்துணை இல்லாத அயலாருக்கு வேண்டியது, கடைசிப் பன்னிரண்டு மாதமும் அதற்கு முந்திய பதினான்கு ஆண்டில் பதினொன்றும் என்றிருக்க, இது குறைந்ததே. ஒரு நாட்டில் சில ஆண்டு வாழ்ந்து, அதன் மக்களோடு கலந்த பின் குடியுரிமை கேள் என்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாத விதியன்று. போலி மணங்களைத் தடுக்க ஓர் அளவு வேண்டும் என்ற வாதத்தையும் நாம் தள்ளவில்லை. நம் வழக்கு, எண்ணத் தொடங்கவே மறுக்கும் கடிகாரத்தோடு.

1983 சூலைக்குப் பின், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரையிலிருந்து வந்தவர்களை மண்டபம் மீண்டும் வரவேற்றது. அன்று அக்கரைக்கு அனுப்ப முகாம், பின்னர் அக்கரையிலிருந்து ஏற்க முகாம்! வந்தவர்களில் கணிசமானவர் மலையகத்தார். நம் சீமைகளிலிருந்து போனவர்களின் பேரர்கள். தமிழ்நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் எழுந்தன. நம் பகுதியிலேயே குல்லூர்சந்தையில் உண்டு, மல்லாங்கிணற்றில் உண்டு. 2021-ல் தமிழ்நாடு அரசு அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றி வீடுகளும் கட்டித் தந்தது. நல்லது. முகாமுக்கும் ஊருக்கும் நடுவே ஒரே பேச்சு, ஒரே பள்ளி, ஒரே கூலி வேலை. உள்ளங்கள் இணைகின்றன, மணங்கள் நடக்கின்றன.

அப்படி ஓர் இந்தியக் குடிமகனை மணந்த முகாம் பெண், ஏழாண்டு கழித்து மனுக் கொடுக்கலாமா? முடியாது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், பதிவு கேட்பவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது என்றது. செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் யாவரும் அந்தப் பெயருக்கு உரியவர். எரியும் வீட்டிலிருந்து ஓடி வருகிறவள் கடவுச்சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றுவிட்டா வருவாள்? குழந்தையாகத் தோணியில் வந்தவள், இங்கே படித்து, இங்கே மணந்து, முப்பது ஆண்டு ஆனாலும் அவள் வாழ்ந்த நாள்களில் ஒன்றும் கணக்கில் ஏறாது. பள்ளியில் சிறுவர்க்கு நாம் சொல்லித்தரும் கணக்கில், சுழியோடு எத்தனை முறை சுழியைக் கூட்டினாலும் சுழிதான். அந்தக் கணக்கு இங்கே ஒரு பெண்ணின் வாழ்வாகி நிற்கிறது.

அவளோடு நின்றதா? 2004 டிசம்பர் 3-க்குப் பின் இந்நாட்டில் பிறந்த குழந்தை, பிறப்பால் குடியுரிமை பெறப் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் குடிமகன் என்றால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அருப்புக்கோட்டைத் தறிக்காரன் முகாம் பெண்ணை மணந்தால், தந்தை பரம்பரை பரம்பரையாக இந்த மண்ணுக்கு உரியவனாயினும், பிள்ளைக்குப் பிறப்புரிமை இல்லை. தாயின் வழி நாட்டைத் தர மறுத்தது 1948-ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம்; தந்தை தந்த நாட்டைத் தாயைக் காட்டிப் பறிக்கிறது நம் சட்டம்.

17 சூன் 2019-ல், முகாம்வாழ் மலையகத் தமிழர் சிலரின் வழக்கில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், அரசு அவற்றைப் பரிசீலிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அதே ஆண்டின் இறுதியில் பாராளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பாக்கித்தான், வங்கதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தாரைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற பெயரிலிருந்து விடுவித்தது. பதினொன்றை ஐந்தாகக் குறைத்தது. முசுலிம்களை மதம் காட்டி விலக்கியது. ஈழத்திலிருந்து வந்தோரை நாடு காட்டி விலக்கியது. இந்துவுக்கு இந்நாடே புகல் என்று முழங்குவோர்க்கு, கடலுக்கு இப்பால் கதறும் தமிழ் இந்து கண்ணில் படவில்லை போலும்! 2025 செப்டம்பரில், 9 சனவரி 2015-க்குள் வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டும் நுழைவுச்சீட்டும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து மைய அரசு விலக்கு அளித்தது. தண்டிக்க மாட்டோம் என்றார்கள். குடிமக்களாக ஏற்போம் என்று சொல்லவில்லை.

நாவலப்பிட்டியில் பிறந்த ஒருவரை 1977-ல் அருப்புக்கோட்டை மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள்; அவர் நாட்டுக்கே முதலமைச்சரானார். எம்.ஜி.ஆர். பிறந்த 1917-ல் இரு கரைக்கும் ஆண்டவன் ஒருவனே, வெள்ளையன். அவர் சிறுவராய்க் கடல் கடந்தபோது தாள் கேட்டார் இல்லை. அவரை எதிர்த்து அரசியல் நடத்திய நம் தோழர்களும் அவரை அயலார் என்று எண்ணியதில்லை. அவர் வந்த வழியே, அறுபது எழுபது ஆண்டு கழித்து வந்த ஏழைப் பெண் மட்டும் எப்படி அயலாள் ஆனாள்?

செய்ய வேண்டியது பெரிய புரட்சியன்று. ஒரு பிரிவில் ஒரு வரி. இந்தியரை மணந்த, முகாமில் பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்க்குச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற தடை பொருந்தாது என்றும், ஏழாண்டு அவர் பதிவு பெற்ற நாளிலிருந்து எண்ணப்படும் என்றும், இதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்றும் எழுதினால் போதும். கடந்த நாளுக்கும் சேர்த்துச் சட்டம் செய்ய முடியுமா என்று ஐயுறுவோர்க்குச் சுக்கிலநத்தத்தின் கதையை மேலே சொல்லிவிட்டோம். சான்றுக்கு எங்கே போவது என்று கேட்போர்க்கும் விடை உண்டு. மலையகத் தொழிலாளியின் கையில் தாள் இல்லை. செக்ரோல் துரையின் பெட்டியில் இருந்தது. முகாமிலோ, இவர்கள் வந்து இறங்கிய நாளை எழுதியது அரசு. உதவித் தொகை கொடுக்கும்போதெல்லாம் ஆளைப் பார்த்துப் பேர் கூப்பிட்டது அரசு. வெளியூர் போக இசைவு கேட்டு நின்ற நாள்களையும் குறித்துவைத்தது அரசு. இடையறாது வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பதிவேடு இந்நாட்டில் வேறு எந்தக் குடிமகனுக்கும் இல்லை. அது நம் வட்டாட்சியர் அலுவலகத்து நிலைப்பேழையில் இருக்கிறது.